பையன் பேசட்டும்

"வாயைத் தொறந்தியோ, காரியம் கெட்டுச்சு. புரிஞ்சுதா?" என்றார் வர்சமே சித்தப்பா, கார்டிஃபில் பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

லீபானுக்குப் புரிந்தது. சித்தப்பாவின் சோமாலியில் அவனுக்கு முழுசாகப் புரிகிற வாக்கியங்கள் அபூர்வம். பர்மிங்ஹாமில் வளர்ந்த அவனுடைய சோமாலி, அம்மாவின் அடுப்படியைத் தாண்டியதே இல்லை: சாப்பிடு, கதவைச் சாத்து, எழுந்திருடா கழுதை.

நல்ல வேளையாக, பெண் கேட்கப் போனால் பெரியவர்கள் பேசுவதும் மாப்பிள்ளை தரையைப் பார்ப்பதும்தான் சோமாலியர் வழக்கம். கல்யாணப் பெண் ஸாகல் வேறு போனில் எச்சரித்திருந்தாள். "அப்பா முன்னாடி இங்கிலீஷ் வந்துடக் கூடாது. நாலு பேர் நடுவுல அவர் மானமே போயிடும்."

உள்ளே ஸாகலின் அப்பா ஹிர்சி மருதாணித் தாடியும் கைத்தடியுமாக உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மழையில் ஆரம்பித்து, ஒட்டகத்துக்குத் தாவி, மோனை பிசகாமல் பொழிந்து தள்ளினார். ஹிர்சி "ம்ம்", "அல்லாஹ் நாடினால்" என்பதற்கு மேல் ஒரு சொல் உதிர்க்கவில்லை.

நடுவில் எல்லாரும் சிரித்தார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு லீபானும் சிரித்தான். அது அவன் கைவந்த வித்தை. ஹிர்சி அவனுக்கும் பிறகுதான் சிரித்தார். என்ன அழுத்தமான மனுஷன் என்று லீபான் மறுபடி தரையைப் பார்த்தான்.

சித்தப்பா முடித்துவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். ஹிர்சி தொண்டையைக் கனைத்து, கைத்தடியை லீபான் பக்கம் நீட்டினார்.

"பையன் பேசட்டும்."

எதற்கும் இருக்கட்டும் என்று மனப்பாடம் செய்திருந்த அலங்காரப் பேச்சு மொத்தமும் காற்றில் பறந்தது. மிஞ்சியது அடுப்படிச் சோமாலிதான்.

"நான் லீபான். ஸாகல் நல்ல பொண்ணு. எனக்கு வேணும். வேலை இருக்கு. சோறு ஆக்குவேன்." இன்னும் ஏதாவது சொன்னால் தேவலை என்று தோன்றியது. "கதவும் சாத்துவேன்."

சித்தப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். ஸாகல் கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே லீபான் நினைத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"குடுத்தேன்!" என்று ஹிர்சி கைத்தடியால் தரையைத் தட்டினார். எழுந்து வந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டவர், யாருக்கும் கேட்காதபடி, அசல் கார்டிஃப் இங்கிலீஷில் காதோடு கிசுகிசுத்தார்.

"எங்கப்பா கப்பல்ல வந்து இறங்கினவரு, நான் இங்கயே பொறந்தவன். நீ பேசின சோமாலிதான் எனக்கும் தெரியும் தம்பி. நீ வாயைத் தொறக்கற வரைக்கும், உங்க சித்தப்பா தனக்குத்தான் பொண்ணு கேக்கறாரோன்னு நடுங்கிட்டு இருந்தேன்!"