அரைப்பக்க அறிவித்தல்

‘எங்கள் மகள் கஜானி கொழும்பில் அகால மரணம்’ என்று தம்பிராசா கொடுத்த அறிவித்தல் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்திருந்தது. முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிச் சடங்கு.

அவர் கடலில் முழுகப் போன நேரம், ஒரு பெண் கைபேசியில் படம் பிடித்தபடி ஐயரிடம் வந்தாள்.

“பேப்பரிலை எல்லாம் வந்திட்டுதே பிள்ளை, உது என்னத்துக்கு?” என்றார் ஐயர்.

“பேப்பரோடை திருப்பிக் கதைக்க ஏலாது ஐயா. இது ஃபேஸ்புக் லைவ், இதிலை ஏலும்.”

“மோசம் போனவ உமக்கு என்ன முறை?”

அவள் கடல் பக்கம் பார்த்தாள். ஈர வேட்டியோடு கரையேறிய தம்பிராசா அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவள் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

“விரும்பினவனைக் கட்டினதுக்கு என்னை உயிரோடை சாக்காட்டிப் போட்டியள் அப்பா. கனடாவிலை மாமா ஆக்களும் பாத்துக்கொண்டிருக்கினம். நான் எப்பிடிச் செத்தனான் எண்டு இவைக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.”