பின்னால் நீளும் கை

உயரத்துச் சன்னலிலிருந்து விழும் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. வேலைக்காக ஊர் மாறி வந்திருக்கும் தையல்காரி, சட்டைக் காலரைத் தைத்து முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பின்னால் நீட்டுகிறாள். பழைய ஊர்த் தையல்கூடத்தில் இரண்டு பேருக்கு ஒரே கத்தரிக்கோல். கை நீண்ட மறுநொடி, பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா, "உங்கப்பன் வீட்டுச் சீதனம் பாரு, பிடிடி!" என்று அதைப் பட்டென்று உள்ளங்கையில் வைப்பாள். வசவும் கத்தரிக்கோலும் ஒன்றாகத்தான் வந்து சேரும். இங்கே கை அந்தரத்தில் நிற்கிறது. பின்னாலிருப்பவள் மிஷினை நிறுத்திவிட்டு, காதிலிருந்து இயர்போனைக் கழற்றுகிறாள். "என்னங்க வேணும்?" "கத்தரிக்கோல்..." "உங்களுக்குன்னு ஒண்ணு முன்னாடியே தொங்குதுங்களே." அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள்; மருந்துக்குக்கூட ஒரு 'டி' இல்லை. "பழக்கதோஷம்ங்க" என்று சிரித்துவிட்டு, சோம்பல் முறிப்பவள்போல் விரல்களை மடக்கிக் கையை இழுத்துக்கொள்கிறாள். தையல்காரியின் மிஷினில் கயிறு கட்டித் தொங்கும் புதுக் கத்தரிக்கோல், வேறு யார் கையும் படாமல் பளபளவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடாமல் குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள்.