பதினாலாம் கூண்டின் ரத்தம்

"பதினாலுக்கு மருந்து குடுத்தது யாரு?"

ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்த ஆராய்ச்சி மாணவி போட்ட சத்தத்தில் எலிகள் மூலைக்கு ஓடின. அந்த அறையில் வேறு ஆளே கிடையாது, எலிகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் மட்டும்தான். கூண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரும் குடுக்கலம்மா. தண்ணிதான்."

"பொய் சொல்லாதீங்கண்ணே! இருபது எலியும் குண்டு. இருபதுக்கும் சர்க்கரை. கல்லீரல் கெட்டு ரத்தத்துல என்சைம் ஏறிக் கிடக்கு. மருந்து குடுத்த பத்துல அது குறையணும். வெறும் தண்ணி குடிச்ச பத்துல குறையக் கூடாது. பதினாலுக்குத் தண்ணிதானே? பாதியா குறைஞ்சிருக்கு! எப்படி?"

காப்பாளர் கையைத் துடைத்தார்.

"மத்தியானம் அத வெளிய விடுவேன்."

"என்னது?"

"நான் சாப்பிடுறப்போ. மேசை மேல ஒரு மணி நேரம் ஓடும். ரெண்டு மாசமா."

"எதுக்கு?"

"சும்மா, பேச்சுத் துணைக்கு. கூண்டுக்கு ஒரு எலிதானே வைக்கச் சொன்னீங்க? அதுவும் தனி, நானும் தனி. வீட்டுலயும் சுவரப் பாத்துதான் சாப்பிடணும். இவன் தேவலாம்மா, குறுக்கப் பேச மாட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடி ஓடியே குறைஞ்சிருக்கு! மூணு வருஷ உழைப்புண்ணே. விஷயம் தெரிஞ்சா பேராசிரியர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டு முதல்லேருந்து செய்யச் சொல்லுவார். உங்க வேலையும் போயிடும்."

"தெரியும்மா."

"அப்ப நான் சொல்றதச் செய்யுங்க. பதினாலு ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடியே செத்துப் போச்சுன்னு பதிவேட்டுல எழுதிடுங்க. செத்த எலியச் சேத்துக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் தப்பிச்சோம்."

"அது உயிரோட இருக்கேம்மா."

"அதையும் இன்னைக்கே முடிச்சிடுங்க. ஊசி அலமாரியில இருக்கு."

பொய் சொல்லாதீங்க என்று கத்தியவள்தான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

காப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். பேராசிரியர் வாராவாரம் பார்க்கிற பதிவேடு அது. பேனா எழுத மறுத்தது. உதறிவிட்டு, நிதானமாக எழுதினார்:

'எலி 14. தினமும் மதியம் ஒரு மணி நேரம் வெளியே விட்டேன். மாணவிக்குத் தெரியாமல் நானே செய்தது. எலி உயிரோடு இருக்கிறது.'