நாற்பது நிமிஷம்

"சிவப்பு வரணும்னு வேண்டிக்கோக்கா. பச்சை வந்தா நாம தொலைஞ்சோம்" என்றான் தம்பி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்கு வேண்டிக்கொள்ளவும் தெம்பில்லை. அவள் நர்ஸ். மூன்றாம் கட்டிலில் கிடந்த ஏழு வயதுக் குழந்தைக்கு மருந்து ஏற்றும் பம்ப்பில் இரண்டரை என்று அழுத்தினாள். உள்ளே போனதோ இருபத்தைந்து. குழந்தை பிழைக்கவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி இவள் தலையில் வந்து விடிந்தது. மாலை ஐந்து மணிக்கு விசாரணை.

"நான் புள்ளி வச்சேன்டா. சத்தியமா வச்சேன்."

"தெரியும்க்கா."

அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் தூசி தட்டி மாட்டினான். அந்தப் பம்ப்பின் மென்பொருள் மொத்தமும் அதில் இருந்தது. சோதிக்க டெஸ்ட் லைப்ரரி என்ற சோதனை நிரல் தொகுப்பு வேண்டும்; மென்பொருளில் பிழை இருந்தால் அது சிவப்பு காட்டும், இல்லாவிட்டால் பச்சை. பம்ப்பின் சிப்புக்கு அது ரெடிமேடாகக் கிடைக்காது. மூல நிரலை இறக்கி நாமேதான் உருவாக்கி நிறுவ வேண்டும்.

கட்டளையைத் தட்டினான். கறுப்புத் திரையில் வரிகள் எறும்புச் சாரை போல ஊரத் தொடங்கின.

"எவ்வளவு நேரமாகும்?"

"நாப்பது நிமிஷம்" என்றான் யோசிக்காமல்.

சொல்லி வைத்தாற்போல நாற்பதாவது நிமிஷம் லைப்ரரி ஏறி உட்கார்ந்தது. அவசரத்தில் அக்கா அழுத்துவது போலவே எண்களை வேகமாக அழுத்தும் சோதனை ஒன்றை எழுதி ஓடவிட்டான்.

ஒற்றைச் சிவப்பு வரி. வர வேண்டியது 2.5. வந்தது 25.

"வேகமா அழுத்தினா புள்ளியை முழுங்கிடுதுக்கா. உன் மேல தப்பே இல்ல."

அவள் வாய்விட்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் ஆத்திரம் வந்தது. "ஒரு தடவைகூடச் சோதிக்காமலா அனுப்பினாங்க? எந்தப் பாவிடா அவன்? அவன் வீட்ல குழந்தையே கிடையாதா?"

பிரிண்டர் தாளைத் தள்ளியது. அதை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"இந்த நாப்பது நிமிஷம் காத்திருக்கப் பொறுமையில்லாம, டெஸ்ட் முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான்க்கா."