தட்டில் விரியும் சிங்கம்

ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், அகழாய்வுக்காக நாங்கள் தோண்டிய பழங்காலக் கக்கூஸ் குழியின் ஓரத்தில், வெள்ளைத் தட்டு நிறையத் தண்ணீர். காலையில் என் மண்வெட்டியோடு ஏறி வந்த கறுப்புக் கட்டி அதில் மிதக்கிறது. பழந்துணிகளைப் பார்த்துக்கொள்ளும் வீப்கே குனிந்து, தூரிகையால் அதன் மடிப்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிறாள். எழுநூறு வருஷத்துப் பட்டு. கொஞ்சம் அவசரப்பட்டாலும் கூழாகிவிடும். தட்டை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என்னோடு தோண்டும் ஹின்னர்க்கும் தாங்கியிருக்கிறோம். மேலே கட்டிய தார்ப்பாய் வழியாக வரும் வெயில் தண்ணீரில் பால்போலக் கிடக்கிறது. முதுகுவலிகூட எங்கோ தூரத்தில் இருக்கிறது. ஒரு மடிப்பு விரிகிறது. பொன் இழையில் ஒரு நகம், பிறகு ஒரு பாதம். “சிங்கம். ஏதோ பிரபு வீட்டுச் சின்னம்,” என்கிறாள் வீப்கே.

“அது எப்படி கக்கூஸுக்குள்ள வந்துச்சு?” என்று கேட்கிறேன்.

“கிழிஞ்ச துணியெல்லாம் அந்தக் காலத்துல துடைக்கத்தான்,” என்கிறாள்.

ஹின்னர்க் யோசிக்கிறான். “அப்ப ஆகாதவன் வீட்டுச் சிங்கமாத்தான் இருக்கும். ஆசை தீரத் துடைச்சிருக்கான்.”

என் வயிறு குலுங்குகிறது. தண்ணீர் நடுங்குகிறது.

“சிரிச்சீங்க, ரெண்டு பேரையும் குழிக்குள்ள தள்ளிருவேன். கடைசி மடிப்புய்யா,” என்கிறாள் வீப்கே.

உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். தூரிகை நுனி உள்ளே நுழைந்ததும் மடிப்பு தானாகவே புரள்கிறது. பிடரி, அகலத் திறந்த வாய், எங்களைப் பார்த்து நீட்டிய நாக்கு. விரித்ததில் எங்கும் கிழியவில்லை. வீப்கே தூரிகையைக் கீழே வைக்கிறாள். முதலில் சிரிப்பவள் அவள்தான். அதற்குமேல் தட்டை அசையாமல் பிடிக்க எங்களால் முடியவில்லை; சிங்கம் தண்ணீருக்குள் மெல்ல நடக்கிறது.