குழுச் சீட்டில் ஐந்தாவது ஆள்

"நாலு பேர்னா முழு விலை, அஞ்சு பேர்னா பாதி விலை. இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்கயாவது ஒரு ஆளைப் பிடிங்க" என்றான் பாதிவிலை.

பல்கலைக்கழகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்து இரண்டு தடவை பற்றவைக்கிற ஆள். விடுதிப் பலகையில் மாதம் ஒரு அறிவிப்பு ஒட்டுவான். காலையில் ரயில், மாலையில் ரயில், நடுவில் ஓர் ஊர். எல்லாம் ஒரு சினிமா டிக்கெட் விலையில்.

இந்த மாதம் கடல். ஆனால் அவனுக்குக் கடல் முக்கியமில்லை. கூட வருகிற வகுப்புத் தோழியிடம், அலை வந்து காலைத் தொடுகிற நேரம் பார்த்து, மனசில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்து நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததில், அறைத்தோழனுக்கே வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்தாவதாக வரவேண்டியவன் அந்த அறைத்தோழன்தான். வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது, திடீர்க் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டான்.

மிச்சம் இருந்தது பாதிவிலை, அவள், ஒரு கவிஞன், ஒரு தூங்குமூஞ்சி. நாலு பேர் பையையும் கவிழ்த்து உதறினாலும் முழு விலைக்குத் தேறாது.

"அங்க ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார் பாரு. கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள் அவள்.

நடுவயசுக்காரர். ஒரு கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. வாய் நிறையப் பஞ்சு. பேச முடியாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: கடற்கரை ஊரில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், சாயங்காலமே திரும்ப வேண்டும். பாதிவிலைக்குத் தெய்வமே பல்வலியோடு இறங்கி வந்த மாதிரி இருந்தது.

குழுச் சீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை. போகும்போது ஐந்து தலை என்றால் வரும்போதும் ஐந்து தலை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லோருக்கும் முழு விலை, மேலே அபராதம் வேறு.

மலிவான ரயில், அதனால் நிதானமான ரயில். நிலையம் இல்லாத இடத்தில் மரத்தைப் பார்த்தாலும் நின்றது. வழியில் ஒரு மாடு அதை முந்திக்கொண்டு போய், அடுத்த ஊரில் நின்று திரும்பிப் பார்த்தது.

இறங்கியதும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. "இவர் பாட்டுக்கு எங்கயாவது போயிட்டா நம்ம கதி? யாராவது கூடவே இருக்கணும்."

கவிஞன் வானத்தைப் பார்த்தான். தூங்குமூஞ்சி எதையும் பார்க்கவில்லை. சீட்டு எவன் பையில் இருக்கிறதோ அவனே பொறுப்பு என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அரை மணி நேர வேலைதானே, பல்லைப் பிடுங்கியதும் ஆளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கே வந்துவிடலாம் என்று பாதிவிலை டாக்டர் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தான்.

அவரைப் போல இரக்கமுள்ள நோயாளியை உலகம் கண்டதில்லை. தன் முறை வந்ததும், அழுகிற குழந்தை ஒன்றைக் கைகாட்டி முதலில் அனுப்பினார். அடுத்த முறை ஒரு கர்ப்பிணி. அதற்கடுத்து ஒரு போலீஸ்காரர். பிறகு வாயில் ஒரு பல்கூட இல்லாத பெரியவர் வந்தார், அவருக்கும் வழிவிட்டார். சன்னல் வழியாகக் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சும்மா இருந்தால் வாய் அரிக்காதா? வாயில் பஞ்சு வைத்தவரைவிட ரகசியத்துக்குப் பத்திரமான இடம் ஏது? பாதிவிலை மெல்ல ஆரம்பித்தான். அவளைப் பற்றிச் சொன்னான். ஒத்திகை வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தான். வேலை, வீடு, கல்யாணம் என்று ஒன்று விடாமல் திட்டத்தை விரித்தான். அவர் தலையாட்டிக் கேட்டார். நடுநடுவே அவன் தொடையில் தட்டி, மேலே சொல்லு என்று சைகை காட்டினார். அவன் அப்பாகூட இத்தனை அக்கறையாகக் கேட்டதில்லை.

நாலு மணிக்கு டாக்டர் கதவைப் பூட்டினார். பல்வலிக்காரர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "வலி போயிடுச்சு" என்று எழுதிக் காட்டினார்.

மற்ற மூவரும் முழங்கால்வரை நனைந்து, மணலோடு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் ஒரு சங்கை நீட்டினாள். "காதுல வெச்சுக்கோ, கடல் கேக்கும். இலவசம்."

வண்டி கிளம்பியது. பரிசோதகர் வந்து பென்சிலால் தலைகளைச் சுட்டி எண்ணினார். ஐந்து. போய்விட்டார். பாதிவிலைக்கு உயிர் திரும்பியது. கவிஞன் வாசல் பக்கம் நின்றான், தூங்குமூஞ்சி குறட்டையில் இருந்தான். கடல் போனாலும் ரயில் இருக்கிறது. அவன் தொண்டையைச் செருமினான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கொஞ்சம் இரு" என்றவள், எதிரே இருந்தவர் பக்கம் திரும்பினாள். "இனிமே பஞ்சைத் துப்பிடலாம், சித்தப்பா. இவன் அறைத்தோழனுக்கு நாம சொல்லிக் குடுத்த காய்ச்சலும் இந்நேரம் விட்டிருக்கும். பையன் எப்படி?"

சித்தப்பா சன்னலுக்கு வெளியே துப்பினார். கன்னம் சட்டென்று வற்றியது. "தங்கமான பையன்தான், கண்ணு. ஆனா அஞ்சு ஜோடியாச் சேர்ந்து கல்யாணம் பண்ணிக்கிட்டா மண்டபம் பாதி விலையாம். மிச்ச நாலு ஜோடியை நம்மளையே பிடிச்சுத் தரச் சொல்வான் போலிருக்கு."