பங்கு கேட்ட புயல்

"உங்க பொண்டாட்டி புரோகிராமை நிறுத்துங்கண்ணா!"

வானிலை மையத்தின் புயல் பிரிவுக்காரி கதவைக்கூடத் தட்டாமல் கணினி அறைக்குள் பாய்ந்தாள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நிமிர்ந்தார்.

"புயல் எங்கே கரையைக் கடக்கும்னு மூணு மணிக்குள்ள சொன்னாத்தான் கடல்ல இருக்கிற படகுகளைத் திருப்ப முடியும். என் கணக்கு ஆமை மாதிரி ஊருது. முடியறதுக்குள்ள இருட்டிடும்!"

"ஒரே மெஷின், ரெண்டு புரோகிராம். உள்ளே கெர்னல்னு ஒரு மென்பொருள்தான் நாட்டாமை. உனக்கு ஒரு துளி நேரம், அவளுக்கு ஒரு துளி நேரம்னு மாத்தி மாத்திக் கொடுக்குது. ஓரவஞ்சனையே கிடையாது."

"அண்ணியோடது வெறும் ஆராய்ச்சிக் கட்டுரைதானே?"

"அதுக்கும் இன்னிக்குத்தான் கெடு. விட்டா அவ வேலையே போயிடும். உன்னோடதை முன்னால தள்ளணும்னா இயக்குநர் சொல்லணும். அவர் விமானத்துல இருக்கார்."

"படகுல உங்க சொந்தக்காரங்க யாரும் இல்லை. அதான் சட்டம் பேசறீங்க!"

அண்ணன் முகம் சுண்டிப்போனது. மூலையில் இருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

'நெஞ்சழுத்தத்தைப் பாரு!' கறுவிக்கொண்டே புயல் பிரிவுக்காரி தன் இடத்துக்கு வந்தாள்.

திரையைப் பார்த்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"ஏய், இங்க வாங்க! ஓடுது... பிச்சுக்கிட்டு ஓடுது!"

மொத்தப் பிரிவும் அவள் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டது. எண்பது சதவீதம்... தொண்ணூறு... முடிந்தது! வரைபடம் விரிந்தது. புயல், படகுகள் இருக்கும் பக்கமே திரும்பியிருந்தது.

ஒருத்தர் போனில் கத்தினார். இன்னொருத்தர் வயர்லெஸ்ஸைப் பிடித்தார். சாயங்காலம் துறைமுகத்திலிருந்து தகவல் வந்தபோது அறையே எழுந்து கைதட்டியது. கடைசிப் படகும் கரை சேர்ந்துவிட்டது!

புயல் பிரிவுக்காரி மூச்சிரைக்கக் கணினி அறைக்கு ஓடினாள்.

"அண்ணா, ஜெயிச்சிட்டோம்! வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. சட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு என்னை முன்னால தள்ளிட்டீங்களே!"

"நான் கையே வைக்கலம்மா."

"பின்னே?"

அண்ணன் மூலையைக் காட்டினார். அண்ணியின் திரையில் கணக்கு பாதிகூட முடியவில்லை. கெடு தாண்டியிருந்தது.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றாள் அண்ணி.

புயல் பிரிவுக்காரி தலையாட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்தாள்.

அண்ணன் மெல்லச் சொன்னார்: "அடுத்தவங்களை முந்தறதுக்குத்தான்மா அனுமதி வேணும். வழி விடறதுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை."